நடந்தே கேட்க வேண்டிய ஊர்: லூக்காவில் புச்சினியின் வழியில் ஒரு நாள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் உள்ள லூக்கா நகருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் போவது, ஓபரா என்ற இசை நாடகங்களை எழுதிய ஜியாகோமோ புச்சினியின் சிலையைத்தான். பியாட்ஸா சித்தாதெல்லா என்ற சிறு சதுக்கத்தில் கால்மேல் கால் போட்டு, விரலிடுக்கில் சிகரெட்டோடு வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரே இருக்கும் அவர் பிறந்த வீட்டில் ஏறி இறங்குகிறார்கள். அரை மணி நேரத்தில் புச்சினி முடிந்துவிடுகிறார். மீதி நாள் கோபுரம், ஐஸ்கிரீம், கடைத்தெரு என்று போய்விடுகிறது.

நான் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடுகிறவள். லூக்காவுக்கு நண்பர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் இந்த வரிசையை மாற்றிவிடுவேன். சிலையும் வீடும் நடுப்பகலுக்கு. காலை முழுக்கக் கோவில்களுக்கு. 'லா போஎம்', 'தோஸ்கா', 'மதாம் பட்டர்ஃப்ளை', 'தூரன்தோத்' என்று உலகத்தின் எல்லா ஓபரா அரங்குகளிலும் ஒலிக்கிற இந்த மனிதர், நான்கு தலைமுறை கோவில் இசைக்காரர்களுக்குப் பின் ஐந்தாவதாகப் பிறந்தவர். அவர் ஓபராக்காரர் ஆனது, தேவாலயத்தில் ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியத்தை வாசிக்க அவருக்காகக் காத்திருந்த நாற்காலியை விட்டுவிட்டுப் போனதால். அந்த நாற்காலி எங்கே இருந்தது என்று தெரியாமல் வீட்டைப் பார்த்தால், பழைய மேசை நாற்காலிகளைப் பார்த்ததாகத்தான் ஆகும்.

ஒரு நாள் போதும். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணிக்குள் நடந்துவிடக்கூடியது. தரை சமதளம், வண்டிகள் குறைவு. சைக்கிள்கள் மட்டும் சத்தமில்லாமல் பின்னால் வரும், கவனம்.

வருவதற்கு முன்

மூன்று துண்டுகளை வீட்டிலேயே கேட்டுவிட்டு வாருங்கள். முதலாவது, அவர் 1880ல் படிப்பு முடிக்கும் தறுவாயில் எழுதிய திருப்பலி இசை. இன்று 'மெஸ்ஸா தி குளோரியா' என்று அழைக்கிறார்கள். இரண்டாவது, 'தோஸ்கா'வின் முதல் அங்கத்தை முடித்துவைக்கும் 'தே தேயும்' என்ற நன்றித் துதிப்பாடல். மூன்றாவது, அதே 'தோஸ்கா'வின் மூன்றாம் அங்கத் தொடக்கம்: விடியற்காலை ரோம், ஒன்றன்பின் ஒன்றாக மணிகள். இவை காதில் இருந்தால் லூக்காவின் தெருக்கள் வேறு மாதிரி பேசும். ஊருக்குள் நடக்கும்போது மட்டும் தயவுசெய்து இயர்போனைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்று மதில்மேல் ஏறியதும் சொல்கிறேன்.

எப்போது வரலாம்? ஏப்ரல், மே, செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலையில் கோடைக் கச்சேரி விழாவுக்காக நகரின் பெரிய சதுக்கத்தை மேடையும் வேலியும் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் காமிக்ஸ் விழா நடக்கிறது. ஊரே வேடமிட்ட இளைஞர்களால் நிரம்பி வழியும். அது அவர்களுடைய கொண்டாட்டம், அழகானதுதான், ஆனால் இந்த நடைக்கு ஏற்றதல்ல. அறையும் கிடைக்காது. மாதத்தின் மூன்றாம் வார இறுதியில் பேராலயத்தைச் சுற்றியுள்ள சதுக்கங்களில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய பொருள்களில் ஆசை இருந்தால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள், அமைதி வேண்டுமென்றால் தவிருங்கள்.

கோவில்களுக்குள் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் போதும். மதியம் சில கோவில்களைச் சாத்திவிடுவார்கள். ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. பேராலயம், அதன் மணிக்கூண்டு, எதிரே உள்ள சான் ஜியோவான்னி ஆகியவற்றைச் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், அதையே வாங்குங்கள். புச்சினி பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிலுக்குள் நுழைவது

ரயிலில் வருவதுதான் நல்லது. பீசாவிலிருந்து ஏறக்குறைய அரை மணி, ஃபிளாரன்ஸிலிருந்து ஒன்றரை மணி வாக்கில். சாதாரண வட்டார ரயில்கள்தான், முன்பதிவு தேவையில்லை. நிலையத்தில் தாள் டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள பெட்டியில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும்.

லூக்கா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நேர் எதிரே சாலை, அதற்கப்பால் அகன்ற புல்வெளி, அதற்கும் அப்பால் செங்கல் மதில். பலர் இடப்பக்கம் திரும்பி சான் பியேத்ரோ வாயில் வழியாக நுழைவார்கள். நீங்கள் புல்வெளியின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையைப் பிடியுங்கள். அது நேராக சான் கொலம்பானோ கொத்தளத்தின் அடியில் கொண்டுபோய் விடும். மதிலின் வயிற்றுக்குள் ஒரு சுரங்க வழி இருக்கிறது. குளிர்ந்த, ஈரவாசனை வீசும் செங்கல் வளைவுகள். நாலு வார்த்தை பேசிப் பாருங்கள், குரல் தடித்துத் திரும்பும். நான் இங்கே ஒரு சுரம் பாடாமல் கடந்ததில்லை. வெளியே வந்தால் சான் மார்ட்டினோ பேராலயத்தின் பின்பக்கம் தெரியும்.

நாற்காலி காத்திருந்த இடம்

பேராலயத்தைச் சுற்றிக்கொண்டு முன்புறம் வாருங்கள். முகப்பில் மூன்று வளைவுகள். வலப்பக்க வளைவு மட்டும் சிறியது. மணிக்கூண்டு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்ததால் முகப்பு இடம் ஒதுக்கி ஒதுங்கிக்கொண்டது. தூண்களில் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. முன்மண்டபத்தின் வலதுகோடித் தூணில், மணிக்கூண்டுப் பக்கம், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வட்டச் சுழல்பாதை செதுக்கியிருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக மக்கள் விரலால் அந்தப் பாதையைத் தடவித் தடவி நடுப்பகுதி வழவழப்பாகிவிட்டது.

உள்ளே போனதும் எல்லோரும் இரண்டு இடங்களுக்கு விரைவார்கள். ஒன்று, 'வோல்த்தோ சாந்தோ' என்ற மரத்தாலான சிலுவை நாதர் உருவத்துக்காக மத்தேயோ சிவித்தாலி 1484ல் கட்டிய எண்கோணச் சிறு மண்டபம். மற்றொன்று, யாக்கோப்போ தெல்லா குவேர்ச்சா பளிங்கில் செதுக்கிய இலாரியா தெல் கரெத்தோவின் கல்லறை. இளவயதில் இறந்த பெண், காலடியில் ஒரு சிறு நாய். இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் நடுவழியில் நின்று மேலே ஆர்கன் இருக்கும் மாடத்தைப் பாருங்கள்.

புச்சினியின் கொள்ளுத் தாத்தாவுக்குத் தந்தை, அவர் பெயரும் ஜியாகோமோதான் (1712–1781), இந்தப் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். லூக்கா குடியரசின் அரசவை இசைக்குழுவுக்கும் அவரே தலைவர். அவருக்குப்பின் அந்தோனியோ, பிறகு தொமேனிகோ, பிறகு மிக்கேலே. நாதஸ்வரக் குடும்பங்களில் கோவில் உரிமை வழிவழியாக இறங்குவதைப் போல இங்கே ஆர்கன் இறங்கியது. மிக்கேலே 1864 ஜனவரியில் இறந்தபோது மகன் ஜியாகோமோவுக்கு வயது ஐந்து. வீடு நிறைய பிள்ளைகள். தாய் அல்பீனா மறுபடி கருவுற்றிருந்தார். பதவியை வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடாமல், பையன் வாசிக்கத் தகுதி பெறும்வரை தாய்மாமன் ஃபோர்த்துனாத்தோ மாஜி அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆணை எழுதிவைத்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வேலை ஒதுக்கிவைத்த ஊர் இது. அந்த மாடத்தைப் பார்க்கும்போது எனக்கு அன்பும் பாரமும் சேர்ந்தே தோன்றும். அவ்வளவு பாசமாகக் கட்டிப்போடுகிற ஊரை விட்டு எப்படிப் போவது?

பத்து வயது வாக்கில் அவர் இங்கும் சான் மிக்கேலேயிலும் சிறுவர் குரலில் பாடினார். வளர்ந்தபின் நகரிலும் பக்கத்துச் சிற்றூர்களிலும் ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார். சிகரெட்டுக்குக் காசில்லாதபோது ஆர்கன் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் விற்றுவிட்டு, இல்லாத சுரங்கள் தெரியாதபடி இசையை மாற்றி வாசித்தார் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. உண்மையோ இல்லையோ, இல்லாத சுரத்தைத் தவிர்த்து வாசிக்கிறவனுக்குச் சுரங்களின் ஒத்திசைவு எவ்வளவு கைவந்திருக்க வேண்டும் என்று பாடுகிறவர்களுக்குப் புரியும்.

செப்டம்பர் 13ஆம் தேதி இங்கிருக்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். அன்று மாலை சான் ஃபிரெதியானோ கோவிலிலிருந்து இந்தப் பேராலயத்துக்கு ஊர்வலம் வரும். வழியெங்கும் வீட்டு முகப்புகளில் சன்னல் விளிம்பு, வளைவு, கூரைக்கோடு என்று சின்னக் கண்ணாடிக் குவளைகளில் மெழுகுத்திரி ஏற்றுவார்கள், மின்விளக்குகளை அணைத்துவிடுவார்கள். ஊர்வலம் முடிந்ததும் பேராலயத்துக்குள் 'மொத்தெத்தோனே' என்ற பெரிய பாடல், பல குரல் பிரிவுகளுக்காக எழுதப்பட்டது, பாடப்படும். புச்சினியின் முன்னோர்கள் இந்த விழாவுக்காகவே அப்படிப்பட்ட பாடல்களை எழுதிக் குவித்தவர்கள். ஆயிரம் பேர் நடுவே நின்று அதைக் கேட்டவர்களுக்கு, 'தோஸ்கா'வின் 'தே தேயும்' எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மணி, ஆர்கன், கூட்டத்தின் முணுமுணுப்பு, அதன்மேல் எழும் பாடகர் குழு. மேடைக்காகக் கற்பனை செய்ததல்ல, சின்ன வயதிலிருந்தே காதில் இருந்தது.

சான் ஜியோவான்னி

பேராலயத்திலிருந்து மேற்கே ஒரு நிமிட நடையில் சான்ட்டி ஜியோவான்னி எ ரெப்பராத்தா. 1858 டிசம்பர் 22ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இங்கே திருமுழுக்கு. ஜியாகோமோ அந்தோனியோ தொமேனிகோ மிக்கேலே செக்கொந்தோ மரியா என்று பெயரிட்டார்கள். முன்னோர் நால்வரின் பெயரும் அதில் வரிசையாக இருப்பதைக் கவனியுங்கள். தரைக்கு அடியில் ரோமானியர் காலத்திலிருந்து அடுக்கடுக்காக அகழ்ந்து வைத்திருக்கிறார்கள், இறங்கி நடக்கலாம். வெயில் நாளில் அந்தக் குளிர்ச்சிக்காகவே இறங்கலாம். இந்தக் கட்டடத்தை நினைவில் வையுங்கள், மாலையில் திரும்பி வருவோம்.

அங்கிருந்து பியாட்ஸா நெப்போலியோனே போகும் வழி அகலமான திறந்தவெளி. நெப்போலியனின் தங்கை எலீசா இந்த ஊரை ஆண்டபோது வீடுகளையும் ஒரு கோவிலையும் இடித்து இந்தச் சதுக்கத்தை உண்டாக்கினார். மேற்கே நீண்டு கிடக்கும் அரண்மனைதான் குடியரசு காலத்தில் ஆட்சி மன்றம். புச்சினி குடும்பம் அரசவை இசை அமைத்தது இங்கேதான். அதிக நேரம் நிற்க வேண்டாம்.

சான் மிக்கேலே, பிறகு வீடு

வடக்கே வியா வித்தோரியோ வெனேத்தோ வழியாக ஐந்து நிமிடம் நடந்தால் தெரு திடீரென்று விரிந்து சான் மிக்கேலே இன் ஃபோரோ வெள்ளையாக எழுந்து நிற்கும். ரோமானியர்களின் சந்தைவெளி இருந்த இடம். முகப்பு கோவிலைவிட உயரம்; மேல் இரண்டு அடுக்குகளுக்குப் பின்னால் வெறும் ஆகாயம்தான். உச்சியில் இறக்கை விரித்த மிக்கேல் அதிதூதர். படிகளில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி அடிக்கும்வரை காத்திருங்கள். முதலில் ஒரு கோவில், அதை முந்தப் பார்க்கும் இன்னொன்று, தூரத்தில் மூன்றாவது, ஒன்றோடொன்று சுதி சேராமல், ஆனாலும் சேர்ந்தே ஒலிக்கும். 'தோஸ்கா' எழுதும்போது புச்சினி ரோம் நகரின் பேதுரு பேராலயப் பெரிய மணியின் சுருதி என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். விடியற்கால மணிகளைக் கேட்க சாந்த் ஆஞ்சலோ கோட்டைக்கே போனார். மணிச் சத்தத்தின் நடுவே வளர்ந்தவருக்கு மணியின் சுருதி அலங்காரம் அல்ல என்று இந்தப் படியில் உட்கார்ந்தால்தான் எனக்கு நிச்சயமாகும்.

சதுக்கத்திலேயே 1881 முதல் நடந்துவரும் தத்தேயுச்சி கடை இருக்கிறது. அங்கே புச்செல்லாத்தோ வாங்குங்கள்: சோம்பும் உலர்திராட்சையும் போட்ட, மேலே பளபளக்கும் இனிப்பு ரொட்டி. லூக்காவுக்கு வந்து புச்செல்லாத்தோ சாப்பிடாதவர் வராதவரே என்பது ஊர்ப் பேச்சு. நடக்கும்போது கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட வசதி. மதிய உணவுக்குக் கனமாக ஏதும் வேண்டாம் என்றால் பீட்ஸா கடைகளில் 'செச்சினா' கேளுங்கள். கடலை மாவும் எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பெரிய தட்டில் அடுப்பில் சுட்டது. சுடச்சுட, மேலே மிளகு தூவித் தருவார்கள். சைவம் என்பதால் நிம்மதியாகச் சாப்பிடலாம். உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் ஃபாரோ என்ற பழைய கோதுமை வகையும் பயறும் சேர்த்த சூப் இந்தப் பக்கத்துச் சிறப்பு; சைவர்கள் அதில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உணவகத்தில் உட்கார்ந்தால் தலைக்குக் கொஞ்சம் 'கொப்பேர்த்தோ' கட்டணம் பில்லில் சேரும், அது வழக்கம்தான். காபியை மட்டும் நின்றுகொண்டே குடியுங்கள், விலை குறைவு.

மேற்கே வியா தி போஜ்ஜோ என்ற குறுகிய தெரு. இரண்டு நிமிடத்தில் பியாட்ஸா சித்தாதெல்லா. சிலையை வீத்தோ தோஞ்சானி 1994ல் செய்தார். சிகரெட் பிடித்த அந்த விரல்களைப் பார்க்கையில், தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்காக பிரசெல்ஸ் போய் 1924 நவம்பர் 29ல் அங்கேயே இறந்தார் என்பது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வீட்டின் வாசல் கோர்த்தே சான் லொரென்ஸோ என்ற முற்றத்தில். சுவரில் உள்ள கல்வெட்டு, நெடிய இசைவாணர் வழியில் இங்கே பிறந்தார் என்று தொடங்குகிறது. பிறந்தவரின் பெயருக்கு முன்னால் குலத்தைச் சொல்லும் அந்த முறை எனக்குப் பிடிக்கும். தாய் இறந்தபின் குடும்பம் வீட்டை விற்க நேர்ந்தது. 1893ல் 'மனோன் லெஸ்கோ' வெற்றி பெற்றுக் கையில் காசு வந்ததும் புச்சினி செய்த காரியங்களில் ஒன்று, இதைத் திரும்ப வாங்கியது.

உள்ளே அறைகளை வரிசையாகப் பார்த்து முடிக்க அவசரப்படாதீர்கள். இரண்டு பொருள்களுக்கு நேரம் கொடுங்கள். முதலாவது, 'தூரன்தோத்' எழுதிய ஸ்டைன்வே பியானோ. அந்த ஓபராவை அவர் முடிக்கவில்லை. 1926 ஏப்ரல் 25ல் மிலான் லா ஸ்காலாவில் முதல் நாள் அரங்கேற்றத்தில் இசைக்குழுவை நடத்திய தோஸ்கனீனி, புச்சினி எழுதிய கடைசிச் சுரத்தோடு கோலைக் கீழே வைத்துவிட்டார். இரண்டாவது, நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் பாடகி மரியா யெரிட்ஸா தூரன்தோத்தாக அணிந்த உடை. கண்ணாடிக்குப் பின்னால் தனி அறையில் நிற்கும் அதன் பாரத்தைப் பார்த்தால், அதைச் சுமந்துகொண்டு அந்தப் பாட்டைப் பாடியவர் மேல் மரியாதை கூடும். கையெழுத்துக் கடிதங்களையும் இசைத்தாள்களையும் விரும்புகிறவர்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

சான் பவோலினோ

அருங்காட்சியகம் முடிந்ததும் பலர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் தெற்கே இரண்டு நிமிடம் நடந்து சான் பவோலினோ கோவிலுக்குள் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற கோவில்களுக்கு முன் சாதாரணமாகத் தெரியும். இந்த நடையில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான்.

சான் பவோலினோ நகரின் காவல் புனிதர். திருநாள் ஜூலை 12. 1880ல் அந்தத் திருநாளன்று 21 வயது புச்சினியின் திருப்பலி இசை இங்கே முதன்முதலில் பாடப்பட்டது. தகப்பன், பாட்டன் வழியில் நின்று அவர் எழுதிய பெரிய படைப்பு. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மிலான் கன்சர்வடோரி என்ற இசைக்கல்லூரிக்குப் போய்விட்டார். அரசி மார்கரீத்தாவின் உதவித்தொகையும் உறவினர் நிக்கொலாவோ செருவின் கைப்பணமும் அனுப்பிவைத்தன. பேராலய நாற்காலிக்கு அவர் திரும்பவே இல்லை.

வரும் முன் கேட்டுவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். காலியான பெஞ்சில் உட்கார்ந்து 'குளோரியா' பகுதியை மனதுக்குள் ஓடவிடுங்கள். கோவிலுக்காக எழுதியதுதான், ஆனால் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலின் தனிப்பாடல் வரும் இடத்தில் மேடை எட்டிப் பார்க்கும். இன்னொன்றும் உண்டு. இந்தத் திருப்பலியின் கடைசிப் பகுதியான 'ஆஞ்ஞுஸ் தேயி'யை அவர் வீணாக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 'மனோன் லெஸ்கோ'வின் இரண்டாம் அங்கத்தில், மனோன் தலைவாரிக்கொள்ளும் அறையில் பாடகர்கள் பாடும் பாட்டாக அதே இசை வருகிறது. பீடத்துக்கு எழுதியது அலங்கார அறைக்குப் போய்விட்டது. பாடகர் குழுவில் இருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது கோவிலை விட்டுப்போனவர் கையோடு எடுத்துப்போன சொத்தாகத் தோன்றுகிறது.

மதில்மேல்

கோவிலிலிருந்து மேற்கே நடந்தால் பியாட்ஸாலே வெர்தி, அங்கிருந்து சரிவில் ஏறினால் சான் பவோலினோ கொத்தளம். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிந்த இந்த மதில் ஏறக்குறைய 4.2 கிலோமீட்டர், 12 மீட்டர் உயரம். முற்றுகைக்காகக் கட்டியது, முற்றுகை எதுவும் வரவில்லை. 1812 நவம்பரில் செர்க்கியோ ஆறு பெருக்கெடுத்தபோது வாயில்களை அடைத்து வெள்ளத்தைத் தடுத்தார்கள். பின்னர் மேலே மரம் நட்டு நடைபாதையாக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் இங்கேதான் நடக்கிறார்கள்.

கொத்தளத்தின் வெளி விளிம்புக்குப் போய் தென்மேற்கே பாருங்கள். பீசா மலைகள். அந்த மலைகள் மறைப்பதால்தான் பீசாக்காரர்களுக்கு லூக்கா தெரிவதில்லை என்று மகாகவி தாந்தேயே எழுதியிருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் பீசாவில் 1876 மார்ச் 11 அன்று இசையமைப்பாளர் வெர்தியின் 'ஐதா' ஓபரா நடந்தது. பதினேழு வயது புச்சினி நண்பர்களோடு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் நடந்தே போய் அதைப் பார்த்தார். ரயில் இருந்தது, காசு இல்லை. அந்த இரவு தனக்கு இசையின் சாளரம் திறந்தது என்ற பொருளில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இசைப்பள்ளியில் கார்லோ ஆஞ்சலோனி அவருக்கு வெர்தியின் தாள்களைக் காட்டியிருந்தார், ஆனால் முழு வாத்தியக் குழுவோடு கேட்பது வேறல்லவா? இங்கே நின்று அந்த மலையை அளந்து பாருங்கள். ஊருக்குள் இருந்த நான்கு தலைமுறைப் பாதையை விட்டு அவர் விலகிய வழி கண்ணுக்கெதிரே கிடக்கிறது.

இங்கிருந்து மதில்மேலேயே வடக்கு நோக்கி, பிறகு கிழக்கே வளைந்து நடங்கள். அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாகும். இடப்பக்கம் புல்வெளியும் மலைகளும், வலப்பக்கம் ஓட்டுக் கூரைகளும் சமையலறைச் சன்னல்களும். இயர்போன் வேண்டாம் என்றது இதற்காக: மேலிருந்து ஊரின் சத்தம் அடுக்கடுக்காக வந்து சேரும். பாத்திரம் கழுவும் ஒலி, ஒரு சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடும் குரல், நடுவே கோவில் மணி. 'லா போஎம்'மின் இரண்டாம் அங்கத்தில் பாரிஸ் தெருக்கூட்டத்தை அவர் அப்படித்தான் அடுக்கினார். வடக்குப் பக்கத்தில் பலாட்ஸோ ஃபான்னர் மாளிகையின் தோட்டமும் அதன் பளிங்குச் சிலைகளும் மதிலிலிருந்தே தெரியும். டிக்கெட் வாங்காமலே நிறைவாகப் பார்க்கலாம்.

இறங்கி, மாலை வரை

சான் ஃபிரெதியானோ அருகே இறங்குங்கள். முகப்பில் தங்க மொசைக். அடுத்து பியாட்ஸா தெல் அன்ஃபித்தேயாத்ரோ: ரோமானியர்களின் நீள்வட்ட விளையாட்டரங்கின் மேல் வீடுகள் முளைத்து, 19ஆம் நூற்றாண்டில் லொரென்ஸோ நொத்தோலீனி நடுவெளியைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு சுற்று, போதும். வியா ஃபில்லுங்கோ கடைத்தெருவில் தெற்கே வரும்போது, புச்சினியும் அவர் காலத்து இசைக்காரர்களும் கூடிய பழைய கஃபே கசெல்லியின் இடம், பின்னாளில் தி சீமோ என்று பெயர் மாறியது, வழியில் வரும்.

கோபுரம் ஒன்றுதான் ஏற முடியும் என்றால் குயினீஜி கோபுரம். 44 மீட்டர் உயரம், இருநூற்றுச் சொச்சம் படிகள், உச்சியில் நிஜமான ஓக் மரங்கள். மேலே நின்றால் காலையிலிருந்து நடந்த வழி முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். கோபுரத்துக்குத் தெற்கே பியாட்ஸா தெல் சுஃப்ராஜ்ஜோவில் இசைக்கல்லூரி இருக்கிறது. புச்சினி படித்தபோது இதன் பெயர் பச்சீனி பள்ளி. இன்று லூக்காவில் பிறந்த இன்னொரு இசையமைப்பாளரான போக்கெரீனியின் பெயர். வகுப்பு நாள்களில் சன்னல்கள் வழியே யாராவது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வது கேட்கும். சுவரோரம் நின்று கேளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அங்கிருந்து பியாட்ஸா தெல் ஜீலியோ ஏழெட்டு நிமிடம். 1819ல் இன்றைய வடிவம் பெற்ற ஜீலியோ அரங்கம். 1831ல் ரோசினியின் 'வில்லியம் டெல்' இத்தாலியில் முதன்முதலில் அரங்கேறியது இங்கே. 1891ல் புச்சினியின் 'எட்கர்' இங்கே நடந்தபோது, ஒரு பணக்கார வியாபாரியின் மனைவி எல்வீராவோடு அவர் ஊரை விட்டுப்போன பேச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஆனாலும் ஊர் கைதட்டியது. உங்கள் நாளில் ஓபரா இருந்தால் மேல்மாடத்து மலிவான இருக்கையே போதும். குதிரைலாட வடிவ அரங்கில் மேலே ஒலி நன்றாக ஏறும்.

இல்லையென்றால் சான் ஜியோவான்னிக்குத் திரும்புங்கள். ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணி வாக்கில் புச்சினியின் பாடல்களைப் பியானோவோடு பாடும் சிறு கச்சேரி அங்கே நடக்கும். வாசலிலேயே டிக்கெட். நடுப்பகுதியில், சற்றுப் பின்தள்ளி உட்காருங்கள்; கல் சுவரில் எதிரொலி நீளும், முன்வரிசையில் குரல் முகத்தில் அறையும். கச்சேரி ஒரு மணி நேரம்தான். கடைசி ரயில் நேரத்தை முன்பே குறித்துக்கொண்டால் நிலையத்துக்கு நிதானமாக நடந்து போகலாம்.

இன்னொரு நாள் இருந்தால் வியாரேஜ்ஜோவில் ரயில் மாறி தோர்ரே தெல் லாகோ போங்கள். புச்சினி பல ஆண்டுகள் வாழ்ந்து, பெரும்பாலான ஓபராக்களை எழுதிய ஏரிக்கரை வீடு அது. உடலும் அங்கேயே, வீட்டுக்குள் அமைத்த சிற்றாலயத்தில். கோடையில் ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கில் அவருடைய ஓபராக்கள் நடக்கும். நிலையத்திலிருந்து ஏரிக்கு அரை மணி நேர நடை. இரவு காட்சிக்குப் போவதானால் கொசு மருந்தும் ஒரு மெல்லிய கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் வழிக்கு வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.